குப்பை அறை என்று நினைத்து

அறந்தாங்கியில் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருக்கும் போட்டோ ஸ்டூடியோவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, நிக்காஹ் எதுவாக இருந்தாலும் வீடியோ எடுக்கப் போவது நான்தான். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றால் யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த வேலை எனக்கு ஒத்துவந்தது என்று நினைக்கிறேன்.

எடுத்த படமெல்லாம் கடையின் பின் அறையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். மற்ற ஸ்டூடியோக்களில் இருப்பது போன்றதல்ல அது. முதலாளியின் மைத்துனர் கம்ப்யூட்டர் படித்தவர். குவைத்துக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் அவர் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். ஒரு காலத்தில் பெரிய பெரிய கம்பெனிகளின் இயந்திரங்களுக்காக யூனிக்ஸ் என்று ஒன்றை எழுதினார்களாம், அந்த வம்சத்தைச் சேர்ந்தது இது என்றார். வைரஸ் வராது, வருடா வருடம் பணம் கட்ட வேண்டாம், சொன்னதை அப்படியே செய்யும் என்றார். சொன்னதை அப்படியே செய்வது நல்ல குணம் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

போகும்போது ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன செய்ய வேண்டும் என்பது தமிழில் இருக்கும். அதற்குக் கீழே, அடிக்க வேண்டிய இங்கிலீஷ் எழுத்துகள் ஒரு வரி. எனக்கு அந்த வரிகளின் அர்த்தம் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்து அடித்து, இரண்டு வருடத்தில் விரலுக்குப் பழகிவிட்டது. நிர்வாகியாக நுழைவதற்கு என்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தன. அதற்குப் பக்கத்தில், ‘இந்தப் பெயரில் போனால் இயந்திரம் எதிர்க்கேள்வி கேட்காது, கவனம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். சாதாரணப் பெயரில் போனால் அனுமதி இல்லை அனுமதி இல்லை என்று அது அடிக்கடி மறித்தது. அதனால் நான் எப்போதும் நிர்வாகியாகவே போனேன். மறுத்துப் பேசாத இடத்தில்தான் எனக்கு வேலை ஓடும்.

படத்தை வெட்டி ஒட்டும்போது அரைகுறைத் துண்டுகள் நிறையச் சேரும். அவை போய் விழ, கம்ப்யூட்டருக்கு வெளியே கருப்புப் பெட்டி மாதிரி ஒரு தனி டிஸ்க் வைத்திருந்தோம். அதை நாங்கள் குப்பை அறை என்போம். அது நிரம்பினால் சுத்தம் செய்ய நோட்டில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி, வாசலுக்குப் போகவும். இரண்டாவது, குப்பை அறைக்குப் போகவும். மூன்றாவது, இருக்கும் இடத்தில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கவும். வாசல் என்று அவர் எழுதியது, இயந்திரத்துக்குள் எல்லா அறைகளும் பிரியும் முதல் இடத்தை. அங்கே நின்றால் மொத்த வீடும் நம் கைக்குள் இருக்கும்.

அந்த அம்மா முதல்முறை கடைக்கு வந்தபோது நான் முன்பக்கம் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அறந்தாங்கிக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு ஊர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, எட்டு வருடத்துக்கு முன்னால் தன் மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் வீடியோ எடுத்தோம் என்றார். அந்தப் படம் வேண்டும், போனில் பார்க்கிற மாதிரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வீட்டில் இருந்த சிடியில் பூசணம் பிடித்துவிட்டதாம். போட்டுப் பார்க்கும் பெட்டியும் இப்போது இல்லையாம்.

கல்யாணப் பெண் கேட்கிறதோ என்று நினைத்துக் கேட்டேன். இல்லை என்றார். அவருடைய மகன் சவுதியில் இருந்தான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ரூமில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உடலைக் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது பந்தியில் நின்று ஓடியாடிப் பரிமாறினான், அது உங்கள் படத்தில் இருக்கும் என்றார்.

“போட்டோ இருக்கு தம்பி, நெறையா இருக்கு. போட்டோல சும்மா நிக்கிறான். அவன் நடக்குறதப் பாக்கணும். பேசுறதக் கேக்கணும்.”

தினமும் வீடியோ காலில் பேசியவன்தான். ஆனால் பேசுவதை யாரும் பிடித்து வைப்பதில்லை. அவன் அனுப்பிய குரல் பதிவுகள், அந்த அம்மா போன் மாற்றியபோது போய்விட்டன. அவனுடைய போன் அங்கே கம்பெனிக்காரர்கள் கையில் இருந்தது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்குள் கிடைத்தால் போதும் என்றார். மருமகள், புருஷனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். வெளியே வர முடியாது. அவளும் பார்க்க வேண்டும் என்றார். அவனுடைய பாஸ்போர்ட் அளவு படம் ஒன்றை, அடையாளத்துக்கு என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணத்தன்றைக்கு அவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான், கையை மடக்கி விட்டிருந்தான் என்று படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்.

அந்தக் கல்யாணம் கம்ப்யூட்டரில் இருந்தது. அன்றைக்கே தேடிப் பார்த்துவிட்டேன். பென் டிரைவில் ஏற்ற பத்து நிமிடம். போனுக்கு ஏற்ற மாதிரி மாற்ற அரைமணி நேரம். ஆனால் முகூர்த்த மாதம். தினம் ஒரு வேலை. நாளை பார்ப்போம் நாளை பார்ப்போம் என்று போய்விட்டது.

இரண்டாவது முறை அவர் வந்தபோது கடையில் கூட்டம். ஒரு குடும்பம் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. முதலாளி அவர்களோடு இருந்தார். அந்த அம்மா உள்ளே வராமல் மேல் படியில் நின்றார். முதலாளியைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் பின் அறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் குறுக்கே பேச எனக்கு வாய் வரவில்லை. படிக்குப் போய், சனிக்கிழமை வாங்கம்மா, கண்டிப்பா ரெடியா இருக்கும் என்றேன். சரிப்பா என்று இறங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

வியாழக்கிழமை ஷட்டவுன். மாதம் ஒருநாள் லைன் வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குக் கடையில் இன்வர்ட்டர்தான். பின் அறையில் இரண்டே இரண்டு பிளக்குக்குத்தான் அதிலிருந்து கரண்ட் வரும். ஒன்றில் கம்ப்யூட்டர், இன்னொன்றில் குப்பை அறை டிஸ்க். பத்து மணி வாக்கில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெக்கை தாங்கவில்லை, டேபிள் ஃபேனைப் போடுங்கண்ணே என்று முதலாளி சொன்னார். நான்தான் டிஸ்க்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஃபேனுக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். வேறு யாரும் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு, அந்த அம்மாவின் வேலையை இன்றைக்கே முடித்துவிடலாம் என்று பின் அறையில் உட்கார்ந்தேன். படத்தை மாற்ற ஆரம்பிப்பதற்கு முன் குப்பை அறையைக் காலி செய்வது வழக்கம். இல்லையென்றால் பாதியில் இடமில்லை என்று நின்றுவிடும். நிர்வாகியாக நுழைந்தேன். மூன்று வரிகளையும் அடித்தேன். திரையைப் பார்த்து அடிப்பதில்லை நான். கீபோர்டைப் பார்த்துத்தான் அடிப்பேன். வாசலுக்குப் போனது. குப்பை அறைக்குப் போகச் சொன்னேன். பிளக் பிடுங்கிய டிஸ்க்குக்குள் எப்படிப் போகும். அப்படி ஒரு இடம் இல்லை என்று அது திரையில் ஒரு வரி எழுதியிருக்கிறது. நான் நிமிரவில்லை. மூன்றாவது வரியையும் அடித்து என்டரைத் தட்டினேன். இருக்கும் இடத்தில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கவும். அது நின்றிருந்தது வாசலில்.

எப்போதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் வேலை அது. அன்றைக்கு முடியவில்லை. பெட்டிக்குள் டிஸ்க் கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். இங்கிலீஷ் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இல்லை என்பது மட்டும் புரிந்தது. நிறுத்துவதற்கு நோட்டில் இருந்த இரண்டு பட்டன்களை அமுக்கினேன். நின்றது.

என்ன இருக்கிறது என்று காட்டும் கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. முந்தின நாள் வரை இருந்த கட்டளை. வேறு இரண்டு மூன்று அடித்தேன். எதுவும் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், எதுவும் வேலை செய்யாவிட்டால் எக்கோ என்று அடித்து ஒரு நட்சத்திரக் குறி போட்டால் மிச்சம் இருப்பவற்றின் பெயரையாவது சொல்லும் என்று எழுதியிருந்தார். அடித்தேன். ஏழெட்டுப் பெயர்கள் வந்தன. கல்யாணப் படங்கள் இருந்த அறையின் பெயர் அதில் இல்லை. அழிப்பது அகர வரிசையில் நடக்குமாம். முதலாளிக்குத் தேடுவது சிரமம் என்று, அந்த அறைதான் எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டும் என்று மைத்துனரிடம் கேட்டு, இங்கிலீஷ் முதல் எழுத்தில் தொடங்கும்படி பெயர் வைத்திருந்தோம். அதுதான் முதலில் போனது.

குவைத்துக்குப் போன் செய்தேன். மைத்துனர் எடுக்கவில்லை. வேலையில் இருப்பார். மறுபடி அடித்துத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை, அணைக்கவும் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“இன்னும் ஓடிக்கிட்டா இருக்கு?”

ஆமாம் என்றேன்.

“பிளக்கைப் புடுங்குங்க. ஒழுங்கா அணைக்காதீங்க, அணைக்கும்போது எதையாவது எழுதும். அப்படியே புடுங்குங்க.”

பிடுங்கினேன். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். அழித்தது என்றால் துடைத்தது இல்லை. பட்டா கிழிந்துவிட்டது, நிலம் அங்கேயேதான் கிடக்கிறது. யாருடையது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்குத்தான் போய்விட்டது. வேறு யாராவது அதன்மேல் வீடு கட்டினால் மட்டும்தான் நிலம் போகும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதுபாட்டுக்கு எதையாவது கட்டிக்கொண்டே இருக்கும். நான் நாற்பது நிமிடம் ஓடவிட்டிருக்கிறேன் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குக் கணக்குத் தெரியும்.

முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் இருப்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கோர்ட்டுல கூட ஒரு கல்யாணத்தப் பிரிக்க அஞ்சு வருசம் இழுக்கும். ஒரே நிமிசத்துல மொத்த தாலுகாவையும் பிரிச்சு விட்டுட்டீங்களேண்ணே.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. யார் கேட்டாலும் மெஷின் ரிப்பேர் என்று மட்டும் சொல்லுங்கள், வெளியே தெரிந்தால் இந்த ஊரில் ஒருவனும் நம் கடைப் படி ஏற மாட்டான் என்றார். அது நியாயம்தான்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். கடையில் யாரும் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்து, பையிலிருந்து புது பென் டிரைவை எடுத்து நீட்டினார். கவர் பிரிக்கவில்லை. பேரனைவிட்டு வாங்கி வரச் சொன்னாராம்.

மெஷின் ரிப்பேராகிவிட்டது என்றேன்.

சரி செய்துவிடுவார்களா என்று கேட்டார். செய்துவிடுவார்கள் என்றேன். படத்துக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். தலையை ஆட்டினேன். ஆகும் என்றா ஆகாது என்றா, அவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. பென் டிரைவை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். நாற்பதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

திருச்சிக்குப் போய் அதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தேன். தெரிந்த ஒரு கடையில் கம்ப்யூட்டர் இரவல் வாங்கினோம். மைத்துனர் போனில் சொல்லச் சொல்ல, அழிந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல், அதில் இருப்பதை இருக்கிறபடி புது டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். அதற்கே ஒன்றரை நாள் ஆனது. பிறகு, கிழிந்த பட்டாவைத் தேடாமல் நேராக நிலத்தில் இறங்கி, இது படம் மாதிரி இருக்கிறது, இது வீடியோ மாதிரி இருக்கிறது என்று மோப்பம் பிடித்து எடுத்துக் கொடுக்கும் ஒரு ஓசி மென்பொருளை ஓடவிட்டோம். இந்தமுறை நான் திரையைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்து, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் என்டரைத் தட்டினேன். அவர் சாப்பாட்டு இடைவேளையில், பஸ்ஸில் போகும்போது என்று கிடைத்த நேரத்தில் எல்லாம் பேசினார். ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

மூன்று நாளில் வந்து குவிந்தது. பதினோராயிரம் துண்டுகள். எதற்கும் பெயர் கிடையாது, தேதி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஒரு நம்பர். சிலது ஒரு மணி நேரம் ஓடும், சிலது நாலு விநாடி. பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. எது யார் வீட்டுக் கல்யாணம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அவனுடைய பாஸ்போர்ட் படத்தை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வீடியோ எடுக்கக் கூப்பிட்ட இடத்துக்கு மட்டும் போவேன், மற்ற நேரமெல்லாம் அங்கேதான். ஒரு துண்டைத் திறப்பேன், பந்தியா மேடையா என்று பார்ப்பேன், மூடுவேன். நான் எடுத்த படங்கள்தான். ஆனால் எடுத்தவன் நான் என்று எதுவுமே என்னிடம் சொல்லவில்லை. மாலை பாதிக் கழுத்தில் நிற்கும். ஒரு ஆள் சிரிக்க வாய் திறப்பார், அதோடு படம் கட்டம் கட்டமாக உடையும். தாலி கட்டும் கை மட்டும் வரும், யார் கழுத்தில் என்று தெரியாது. விராலிமலையில் மலைப்படியில் நின்று எடுத்த ஒரு ஜோடி, அடுத்த துண்டில் வேறு யாருடைய கறிச்சோற்றுப் பந்தி. செத்துப்போனவர்கள் நிறையப் பேரைப் பார்த்தேன். எங்கள் தெருவில் போன வருடம் இறந்த ஒருவர், ஒரு பந்தியில் அப்பளத்தை நொறுக்கி நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டில், கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார்கள். தூசி என்றேன்.

முப்பத்து மூன்றாம் நாள் மதியம் ஒரு துண்டைத் திறந்தேன். பந்தல். தரையில் நீளமாகப் பாய் விரித்திருக்கிறது. அந்தக் கடலோர ஊர்களில் கல்யாணச் சாப்பாடு சகனில்தான். பெரிய தட்டு ஒன்றில் சோறும் கறியும் வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருவன், கையை முழங்கை வரை மடக்கிவிட்டு, தோளுக்கு மேலே ஒரு சகனைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவே வருகிறான். குனிந்து வைக்கிறான். எழுந்து, இடுப்பில் இருந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைக்கிறான். அப்புறம் நேராகக் கேமராவைப் பார்க்கிறான். என்னைப் பார்த்து என்னவோ சொல்கிறான். சிரிக்கிறான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

சத்தம் இல்லை. ஸ்பீக்கரை முழுதாகத் திறந்தேன். வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். வேறு துண்டைத் திறந்தால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. இதில் இல்லை.

மைத்துனருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் என்னென்னவோ செய்து பார்த்தார். படத்தைப் படிக்கத் தேவையானது தப்பித்திருக்கிறது, சத்தம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வேறு எதுவோ எழுதப்பட்டிருக்கிறது என்றார். எப்போது எழுதியிருக்கும் என்று கேட்டேன். அது எதுக்குண்ணே இப்ப என்றார். நாற்பது நிமிடம் போனை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோதுதான். அவர் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கல்யாணத்தில் வேறு மூன்று துண்டுகள் கிடைத்தன. பள்ளிவாசல் வாசல், காலி நாற்காலிகள், ஒரு ஆடு. அவன் எதிலும் இல்லை.

முப்பத்தெட்டாம் நாள் ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த அம்மாவை மறுபடி மாடிப்படி ஏறவைக்க மனம் வரவில்லை. வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முன் அறையில் உட்காரவைத்தார். உள் அறைக்குத் திரை போட்டிருந்தது. அதற்குப் பின்னால் மருமகள் இருந்தாள். வளையல் சத்தம் இல்லாததால், மூச்சு விடுவதை வைத்துத்தான் ஆள் இருப்பது தெரிந்தது.

இவ்வளவுதான் மீட்க முடிந்தது, அதிலும் சத்தம் இல்லை என்று சொன்னேன். அந்த அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“மெஷின் செஞ்ச வேலைக்கு நீங்க என்ன தம்பி செய்வீங்க.”

அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. மெஷின் இல்லம்மா என்றேன். பிளக்கைப் பிடுங்கியது, பார்க்காமல் அடித்தது, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. முதலாளியின் பேச்சை மீறிவிட்டேன் என்பதுகூடப் பிறகுதான் உறைத்தது.

கேட்டு முடித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்.

“அன்னைக்கு நான் படியில நின்னேன்ல. அன்னைக்கே குடுத்திருக்கலாம்.”

“ஆமாம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறுது குடிங்க என்றார். நான் எடுக்கவில்லை.

லேப்டாப்பில் எதை அமுக்க வேண்டும் என்று காட்டினேன். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். நான் முன் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி எவ்வளவு நேரம் என்று எனக்கு மனப்பாடம். முடிந்திருக்கும் என்று நினைத்த நேரத்தில் உள்ளே ஒரு சத்தம், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு வருகிற சத்தம். அது மருமகள். அப்புறம் மறுபடி போட்டார்கள். மறுபடி. பிறகு இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். உம்மா எங்கே என்று என்னைத்தான் கேட்கிறான் என்றார் அந்த அம்மா. இல்ல மாமி, வாயப் பாருங்க, சாப்பிட்டிங்களான்னு கேக்குறாக என்றாள் மருமகள். மறுபடி போட்டார்கள்.

அந்த அம்மா வெளியே வந்தார். கண் காய்ந்துதான் இருந்தது.

“நீங்கதானே படம் புடிச்சது?”

நான்தான் என்றேன்.

“ஒங்களப் பாத்துதானே பேசுறான். என்ன சொன்னான்?”

எட்டு வருடம். நூற்றுக்கணக்கான பந்திகள். எல்லாப் பந்தியிலும் பரிமாறுகிற யாராவது ஒருவர் கேமராவைப் பார்த்து ஏதாவது சொல்வார். நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் பையன் என்னிடம் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறான். உலகத்தில் அது போய்ச் சேர்ந்த காது என்னுடையது ஒன்றுதான்.

“ஞாபகம் இல்லம்மா.”

“யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். பந்தல் ஞாபகம் வந்தது. வெயில் ஞாபகம் வந்தது. கேமரா பட்டை கழுத்தில் அறுத்தது. அவன் இல்லை.

“ஞாபகம் வந்தா போன் பண்ணுங்க தம்பி” என்று சொல்லி, என் நம்பரையும் வாங்கிக்கொண்டார். புது பென் டிரைவில் அந்த ஒரு துண்டை மட்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது கடையில் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் இருக்கிறது. நிர்வாகி பாஸ்வேர்டை முதலாளி மாற்றிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டில் அந்த மூன்று வரிகளின்மேல் மைத்துனர் சொன்னபடி கோடு போட்டு அடித்துவிட்டேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தத் துண்டை ஓடவிடுகிறேன். அவன் உதடு சேர்ந்து பிரிகிறது. உம்மா என்றாலும் அப்படித்தான் சேரும். சாப்பிட்டீங்களா என்றாலும் அப்படித்தான். அண்ணே, அப்புறமா எடுங்க என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான்.

மாதம் ஒருமுறை அந்த அம்மாவிடமிருந்து போன் வருகிறது. வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று கேட்பார். அப்புறம் அதைக் கேட்பார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். உம்மாவைத்தான் கேட்டாரும்மா என்று சொன்னால் முடிந்துவிடும். போன வாரம் கூப்பிட்டபோது அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து போய், படி ஓரமாக நின்றேன். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அதே படி.

“இன்னும் வரலம்மா” என்றேன்.

“சரி தம்பி. ஒண்ணும் அவசரமில்ல” என்றார். “அவன் எங்கிட்டுப் போயிறப் போறான்.”